ஒன்பது ஆண்டு காத்திருந்த தேத்தண்ணீர்

பாயான் பாருவில் எங்கள் அடுக்குமாடி வீட்டுச் சமையலறை அலமாரியில், சாம்பிராணிப் பெட்டிக்கும் ஓமப் போத்தலுக்கும் நடுவே, ஒரு பச்சை டின் ஒன்பது ஆண்டுகளாக உட்கார்ந்திருந்தது. உள்ளே 100 கிராம் தேயிலை. தூள் இல்லை. கையால் பறித்து, முறுக்கிக் காயவைத்த முழு இலை. தமிழ்நாட்டில், குன்னூரில் வாங்கியது. வாங்கி வந்தவர் என் அத்தை.

கண் பரிசோதனைக்காகப் பினாங்குக்கு வருகிறேன், ஒரு வாரம் உன் வீட்டில்தான் இருப்பேன் என்று போன மாதம் அத்தை போன் செய்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. அத்தை வருவது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்தத் தேயிலையை ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே குடித்து முடித்துவிட்டதாக அவரிடம் சொல்லியிருந்தேன்.

பொய்யைப் பிறகு விளக்குகிறேன். முதலில் அத்தை.

அவர் என் அப்பாவின் மூத்த சகோதரி. வயது 78. பிறந்தது, வளர்ந்தது, வேலை செய்தது எல்லாம் கேமரன் மலையில். 1929ஆம் ஆண்டு ஜே. ஏ. ரஸ்ஸல் அங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார் என்பதைப் பள்ளிச் சுற்றுலா போன எல்லாரும் கேட்டிருப்போம். அந்த மலைச் சரிவுகளைத் திருத்திய கைகளில் தமிழர் கைகள் நிறைய. எங்கள் தாத்தாவும் அந்தத் தலைமுறையில் மலையேறியவர்தான். அவர் வேலை பார்த்தது வேறொரு தோட்டம். அத்தை 16 வயதில் கூடையைத் தூக்கினார். 55 வயதில் இறக்கி வைத்தார். முதலில் விரல் நுனியால் இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகக் கிள்ளினார். பிறகு கத்தரி வந்தது, அதற்கும் பிறகு இயந்திரம் வந்தது. "கத்தரி வந்தப்புறம் கைக்கு எலையத் தெரியாமப் போச்சு" என்று இன்றைக்கும் சொல்வார்.

39 ஆண்டுகள் கொழுந்து பறித்த அத்தை, நல்ல இலைத் தேயிலை ஒரு வாய் குடித்ததில்லை.

இதைக் கேட்டு நான் சின்ன வயதில் சிரித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் எல்லாரும் குடித்தது தூள்தானே! தொழிற்சாலையில் காய்ந்த இலையைச் சல்லடையில் போட்டு அளவு வாரியாகப் பிரிப்பார்கள். முழு இலை தனி, உடைந்த இலை தனி, நொறுங்கியது தனி, கடைசித் தட்டில் விழுவது தூசு. அந்தத் தரத்தின் பெயரே டஸ்ட். தூசு என்றதும் குப்பை என்று நினைத்துவிடக் கூடாது. மாமாக் கடையில் தே தாரிக் இழுப்பவர் முழு இலையைக் கையில் வாங்கினால் அழுதுவிடுவார். அவருக்கு உடனே நிறமும் கடுப்பும் இறங்க வேண்டும், டின் பாலைத் தாங்க வேண்டும். அதற்குத் தூள்தான் சரி. ஆனாலும், நாள் முழுக்கக் கொழுந்து பறிப்பவர் வீட்டுக்கு வந்து சல்லடையின் கடைசித் தட்டில் விழுந்ததைக் குடிப்பதும், அவர் பறித்ததின் மேல்தட்டு எங்கோ ஒரு வெள்ளிக் கெண்டியில் இறங்குவதும் சிரிக்கிற விஷயம் இல்லை என்று புரிய எனக்கு முப்பது வயது ஆனது.

2016 ஜனவரியில் அத்தை முதன்முறையாகத் தமிழ்நாடு போனார். பழனி, மதுரை என்று கோயில் சுற்றிவிட்டு, உடன் போனவர்கள் ஊட்டி பார்க்க வேண்டும் என்றதால் மலையேறினார்கள். மற்றவர்கள் பூங்காவையும் ரயிலையும் படம் எடுத்தார்களாம். அத்தை குன்னூர்ச் சரிவுகளில் செடியின் உயரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். "நம்ம ஊர் மாதிரியே இடுப்பு உசரத்துல வெட்டி வெச்சிருக்காங்க பாப்பா. கூடைதான் வேற."

ஒரு தேயிலைக் கடையில் அத்தை வயதையொத்த ஓர் அம்மா பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தபோது, தான் கண்டிப் பக்கம் பிறந்து, கப்பலேறி வந்தவள் என்றார். நீலகிரியில் இப்படிப் பலர் உண்டு. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். மலையகத் தமிழர்களில் 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று கணக்குப் பிரித்தார்கள். அப்படி வந்தவர்களுக்கு வேலை தரவே தமிழ்நாடு அரசு நீலகிரியில் தேயிலை பயிரிட்டது; டான்டீ என்ற நிறுவனம் அதிலிருந்து வந்ததுதான். தாத்தா இறங்கிய துறைமுகம் மாறியிருந்தால் அந்த அம்மா இருந்த இடத்தில் அத்தை நின்றிருப்பார். கேமரன் மலைக்காரியும் கண்டிக்காரியும் குன்னூரில் நின்று கொழுந்துக் கணக்கு பேசியிருக்கிறார்கள். கடை முதலாளி இரண்டு தடவை எட்டிப் பார்த்தாராம்.

அந்த அம்மாதான் பனிக்காலத் தேயிலையைக் காட்டினார். நீலகிரியில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இரவில் உறைபனி இறங்கும். செடி மெதுவாக வளரும். அந்தக் குறைந்த கொழுந்தில் வாசனை செறிந்து நிற்கும். அதைக் கவனமாகப் பறித்து, நன்றாக வாட்டி, லேசாகவே கறுக்கவிட்டுக் காயவைப்பார்கள். சாயம் வெளிறித்தான் இறங்கும், தேன் நிறத்தில். மணம் பூ மாதிரி. அத்தைக்கு முகர்ந்து பார்க்கக் கொடுத்தார்கள். மாதிரி போட்டுக் கொடுத்த சின்னக் கோப்பையை அத்தை உடன் வந்தவர்களிடம் தள்ளிவிட்டார். வயிறு சரியில்லையாம். உண்மையில், குடித்துப் பார்த்துவிட்டு வாங்காமல் வரக் கூடாதே என்ற கூச்சம் என்று பிறகு சொன்னார். கடைசியில் குடிக்காமலேயே வாங்கினார். 100 கிராம், ஒரே ஒரு பொட்டலம்.

அந்த ஆண்டுதான் எனக்கு வானொலியில் நிரந்தர வேலை கிடைத்தது. ஊருக்குத் திரும்பியதும் அத்தை அந்த டின்னை என் கையில் கொடுத்தார். "ஒரு நல்ல நாள் பாத்து குடி."

இங்கேதான் தப்பு நடந்தது. நம் ஆட்களிடம் நல்ல நாள் என்று சொன்னால் நாங்கள் காலண்டரை எடுத்துவிடுவோம்.

முதல் சம்பளம் வந்தது. அதற்குப் போய்த் திறப்பதா என்று விட்டேன். ஆயிரமாவது நிகழ்ச்சி வந்தது. அன்றைக்குத் தொண்டை கட்டியிருந்தது. திருமணம் முடிந்தது, வீடு நிறைய ஆள், 100 கிராம் யாருக்குப் போதும்? பாயான் பாருவில் இந்த வீட்டுச் சாவி கிடைத்தது. பால் காய்ச்சினோம், தேநீர் போடவில்லை. ஆனால் வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் டின்னை எடுத்துக் காட்டுவேன். மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் ஈயத்தாள் பையை விரித்து, "மோந்து பாருங்க, குன்னூர் பனிக்காலத் தேயிலை" என்று ஒரு சின்ன நிகழ்ச்சியே நடத்துவேன். எல்லாரும் முகர்வார்கள், ஆகா என்பார்கள். பிறகு சமையலறைக்குப் போய்ப் பைத் தேநீரைக் கோப்பையில் முக்கி எடுத்துக் கொடுப்பேன்.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. ஊரே டல்கோனா காப்பி அடித்துக்கொண்டிருந்த ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் அத்தை வீடியோ அழைப்பில் கேட்டார். "அந்தத் தேத்தண்ணி குடிச்சியா பாப்பா?"

நாலு ஆண்டாகக் குடிக்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "குடிச்சிட்டேன் அத்தை, ரொம்ப நல்லா இருந்துச்சு."

"என்ன நெறத்துல எறங்குச்சு?"

"நல்ல செவப்பா."

அத்தை "ம்" என்றார். பிறகு அங்கே மழை பெய்கிறது என்றார். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

இனி இந்த மாதத்துக்கு வருவோம். அத்தை வருவதற்கு நாலு நாள் முன்பு டின்னைக் கீழே இறக்கினேன். ஊடகத் துறையில் பட்டம் வாங்கியவளுக்குப் பதற்றம் வந்தால் தகவல் தேடும் வியாதி உண்டு. தேயிலையை அதிக நாள் வைத்திருந்தவர்கள் உலகத்தில் யார் யார் என்று தேடினேன். முதலிடம் சீனப் பேரரசர் ஜிங்குக்கு. கி.மு. 141இல் இறந்தவர். சியான் நகருக்கு அருகே அவருடைய கல்லறைக் குழியில் கிடந்த தாவரக் கட்டி தேயிலைதான் என்று 2016 ஜனவரியில் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் ஆய்விதழில் கட்டுரை வந்தது. அத்தை குன்னூரில் நின்ற அதே ஜனவரி! கஃபீனும் தியானினும் இருப்பதை வைத்தும், இலைக்குள் உருவாகும் நுண்ணிய படிகங்களை வைத்தும் கண்டுபிடித்திருக்கிறார்கள். பெரும்பாலும் மொட்டுகள், அதாவது உயர்ந்த ரகம். மறு உலகத்தில் குடிக்கலாம் என்று மூட்டை கட்டிப் போன மனிதர். 2,100 ஆண்டுகளுக்கும் மேலாகியும் திறக்கவில்லை. அவரோடு ஒப்பிட்டால் நான் அவசரக்காரி.

மதுப் பிரியர்களுக்கும் இந்த நோய் உண்டாம். வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழில் திராட்சை மதுவைப் பற்றி எழுதிவந்த டோரத்தி கெய்டர், ஜான் பிரெச்சர் தம்பதியர், பிப்ரவரி மாதக் கடைசிச் சனிக்கிழமையை 'அந்தப் போத்தலைத் திறக்கும் இரவு' என்று அறிவித்தார்கள். விசேஷத்துக்கு என்று பூட்டி வைத்த போத்தலை அன்றைக்குத் திறந்துவிட வேண்டும். நம் வீடுகளில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபாவுக்கும், கண்ணாடி அலமாரியில் பூட்டிய தட்டுகளுக்கும், ஒரு தடவைகூட மடிப்புக் கலையாத பட்டுப் புடவைக்கும் அப்படி ஒரு நாள் அறிவித்தால் யார் கடைப்பிடிப்பார்கள், சொல்லுங்கள்.

தேடலை நிறுத்திவிட்டு, கேக் செய்ய வாங்கிய தராசில் தேயிலையை நிறுத்துப் பார்த்தேன். 104 கிராம்.

இரண்டு முறை நிறுத்தேன். ஒரு சிட்டிகைகூடக் குடிக்காத 100 கிராம், 104 ஆகியிருந்தது. அந்த நாலு கிராம் பினாங்குக் காற்று.

இதில் மாயம் எதுவும் இல்லை. தொழிற்சாலையில் தேயிலையைக் கடைசியாகக் காயவைக்கும்போது ஈரம் 3 விழுக்காடு அளவுக்கு வற்றிவிடும். அவ்வளவு காய்ந்த இலை பஞ்சு மாதிரி. சுற்றி இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். நம் ஊர்க் காற்றில் ஆண்டு முழுவதும் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. ஒவ்வொரு முறை விருந்தாளிக்கு மூடியைத் திறந்து நிகழ்ச்சி நடத்தியபோதும், வாசனை கொஞ்சம் வெளியே போய், ஈரம் கொஞ்சம் உள்ளே வந்திருக்கிறது. பனிக்காலத் தேயிலையின் பூ மணத்துக்குக் காரணமானவற்றில் லினலூல், ஜெரானியால் என்ற இரண்டு முக்கியம். முன்னது மல்லிகையிலும் இருக்கிறது, பின்னது ரோஜாவிலும் இருக்கிறது. இரண்டும் காற்றில் எளிதாகப் பறந்துவிடுகிறவை. பறப்பதால்தான் நம் மூக்குக்கு வருகின்றன. ஆக, ஒன்பது ஆண்டுகளாக நான் அந்தத் தேநீரை மூக்கால் குடித்துத் தீர்த்திருக்கிறேன்.

போனது ஒரு பக்கம், வந்தது இன்னொரு பக்கம். தேயிலை பக்கத்தில் இருக்கும் மணத்தைப் பிடித்துக்கொள்ளும். சீனர்கள் இந்தக் குணத்தை வைத்துத்தான் மல்லிகைத் தேயிலை செய்கிறார்கள்; இரவில் விரியும் மல்லிகையோடு இலையைக் கலந்து வைத்தால் காலையில் இலை மணக்கும். நான் மல்லிகைக்குப் பதிலாகச் சாம்பிராணியையும் ஓமத்தையும் வைத்திருந்தேன்.

சனிக்கிழமை அத்தை வந்தார். நான் ஒப்புக்கொண்டேன். நேரலையில் பத்தாயிரம் பேரிடம் பேசும்போது நடுங்காத குரல் அன்றைக்கு நடுங்கியது. டின்னை மேசையில் வைத்து, "நான் குடிக்கவே இல்ல அத்தை" என்றேன்.

அத்தை டின்னைத் திறந்தார். முகரவில்லை. நாலு இலையை உள்ளங்கையில் போட்டு, கட்டை விரலால் அழுத்தினார். காய்ந்த இலை என்றால் 'சடக்' என்று உடைய வேண்டும். இது வளைந்தது.

"எல தூங்கிருச்சு" என்றார். "தண்ணி கொதிக்க வை."

பூசணம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பரப்பிப் பார்த்தோம். நம் தட்பவெப்பத்தில் இதை மட்டும் விளையாட்டாக எடுக்கக் கூடாது. வெள்ளையாகவோ சாம்பலாகவோ பொடி படிந்திருந்தாலும், ஈரத் துணி நாற்றம் அடித்தாலும் குப்பைக்குத்தான். சுத்தமாக இருந்து, பழசாக மட்டும் போயிருந்தால் பயமில்லை, ருசிதான் போயிருக்கும். எங்களுடையது சுத்தமாக இருந்தது.

தேநீர் ருசி பார்க்க உலகத்தர விதியே உண்டு. ஐஎஸ்ஓ 3103 என்று பெயர், 1980இல் வந்தது. 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் இலை, பீங்கான் பாத்திரம், கொதிக்கும் தண்ணீர், ஆறு நிமிடம். இதற்கு முன்னோடியான பிரிட்டிஷ் விதிக்கு 1999ஆம் ஆண்டு இக் நோபல் என்ற கிண்டல் பரிசு கிடைத்தது. தேத்தண்ணீர் போட ஆறு பக்க விதி எதற்கு என்று. ஆறு நிமிடம் நம் நாக்குக்குக் கடுப்பு. அந்த விதி குடிப்பதற்கு இல்லை, குறை கண்டுபிடிப்பதற்கு. எங்களுக்கு அன்றைக்கு வேண்டியதும் அதுதான்.

ஆறு நிமிடம் கழித்து வடிகட்டினேன். தேன் நிறம் இல்லை. பழைய செம்புக் காசு நிறம். முகர்ந்தேன். காகிதப் பெட்டி, காய்ந்த புல், அதற்குப் பின்னால் மெலிசாக ஓமம். குடித்தேன். தண்ணீரை விடக் கொஞ்சம் மேல் என்று சொல்லலாம். நல்ல தேநீர் நாக்கின் ஓரங்களைச் சற்று இறுக்கிப் பிடிக்கும். இது எதையும் பிடிக்கவில்லை, வந்தது தெரியாமல் தொண்டைக்குள் இறங்கிப் போனது. பூ மணம் தேடி இன்னொரு வாய் குடித்தேன். இல்லை.

அத்தை பால் இல்லாமல், சீனி இல்லாமல் தேநீர் குடிப்பது அதுவே முதல் தடவை. உறிஞ்சினார். வாயில் வைத்துச் சுழற்றினார். விழுங்கினார். ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்தது. இந்த ஒரு குவளையைத்தானே அவர் குன்னூரில் கூச்சப்பட்டுத் தள்ளிவிட்டு, எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார்? என் பங்கை மட்டும் நான் கெடுக்கவில்லை. அவர் பங்கையும் சேர்த்துக் கெடுத்திருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு அங்கிள் அத்தையைப் பார்க்க வந்தார். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்ற சீனர். அவருடைய அப்பா கம்பாரில் ஈய லம்பத்தில் வேலை செய்தவர். மேசையில் கோப்பைகளைப் பார்த்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, தலையில் கை வைத்தார். வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு மண் ஜாடியோடு வந்தார். லியூ பாவ் தேயிலை. சீனாவின் குவாங்சி பகுதியிலிருந்து வருவது. கிந்தா பள்ளத்தாக்கின் ஈய லம்பங்களில் நாள் முழுக்கத் தண்ணீரில் நின்று வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் உடம்புச் சூட்டுக்கும் ஈரத்துக்கும் நல்லது என்று குடித்த தேயிலை. அதுவும் ஏழைகளின் பானமாகத்தான் தொடங்கியது. ஆனால் அது வைக்க வைக்க நன்றாகிற ரகம். நுண்ணுயிர்கள் வேலை செய்து இலையை மெல்ல மாற்றிக்கொண்டே இருக்கும். நம் ஊர் வெக்கையும் ஈரமும் அதற்கு உரம். ஒரு காலத்தில் மலேசியக் கிடங்குகளில் மறந்து கிடந்த மூங்கில் கூடைகளை இன்று சீனாவிலிருந்து வந்து தேடிப் பிடித்து அதிக விலைக்கு வாங்குகிறார்கள். அங்கிள் ஊற்றிக் கொடுத்தது காப்பிபோல் கறுப்பாக இருந்தது. மழை நனைத்த மரக்கட்டை வாசனை. கசப்பே இல்லை. அத்தைக்குப் பிடிக்கவில்லை, "மண்ணு மாதிரி இருக்கு" என்று என்னிடம் தமிழில் சொல்லிவிட்டு, அங்கிளிடம் "செடாப்" என்று மலாயில் பாராட்டினார்.

எல்லாத் தேயிலையும் ஒன்று இல்லை என்பதை அன்றைக்குத்தான் இவ்வளவு பக்கத்தில் பார்த்தேன். லியூ பாவ், பூ ஏர் போன்ற ரகங்களை அடுத்த தலைமுறைக்கு எழுதி வைக்கலாம். பச்சைத் தேயிலையை ஓராண்டுக்குள் முடித்துவிட வேண்டும். நம் கறுப்புத் தேயிலை, உறை பிரிக்காமல் இருந்தால் இரண்டு ஆண்டு தாங்கும். பிரித்துவிட்டால் மாதக் கணக்குத்தான். லேசாகப் பதப்படுத்திய மணமான ரகங்கள் அதைவிடச் சீக்கிரம் போகும். கண்ணாடி ஜாடியில் அழகாகத் தெரிகிறது என்று வெயில் படும் இடத்தில் வைப்பது தேயிலையைக் கொல்லும் வழி. குளிர்சாதனப் பெட்டியும் ஆபத்து: வெளியே எடுத்ததும் நம் காற்றுக்கு வியர்த்து, இலை நனைந்துவிடும். பினாங்கில் இருப்பவர்களுக்கு என் யோசனை, 50 கிராமுக்கு மேல் வாங்காதீர்கள். வாங்கிய தேதியைப் பொட்டலத்தின் மேலேயே எழுதுங்கள். மசாலா அலமாரிக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

அங்கிள் போன பிறகு அத்தை எழுந்து அடுப்படிக்குப் போனார். "கனமான சட்டி ஒண்ணு கொடு."

தோசைக் கல்லைக் கொடுத்தேன். மோப்பம் பிடித்துவிட்டு, வெங்காய வாசனை அடிக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார். கடைசியில் அப்பம் சுடும் இரும்புச் சட்டி தேறியது. அதை நன்றாகத் தேய்த்துக் கழுவி, காயவைத்து, சின்னத் தீயில் வைத்தார். 20 கிராம் இலையைப் போட்டு, விரலாலேயே புரட்டினார். தொழிற்சாலையில் ஈரம் ஏறிய சரக்கை மறுபடியும் அனலில் காட்டி எடுப்பார்களாம். தன் அக்காள் ஒருத்தி அந்தப் பிரிவில் இருந்ததால் பார்த்திருக்கிறார். ஜப்பானியர்களும் பழசான பச்சைத் தேயிலையை வீட்டில் வறுத்து, ஹோஜிச்சா மாதிரி குடித்துவிடுவார்கள் என்று நான் படித்ததைச் சொன்னேன். அத்தை ஜப்பான்காரர்களைப் பற்றிக் கருத்து எதுவும் சொல்லவில்லை. இலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலைந்து நிமிடத்தில் முதலில் ஓமம் கிளம்பி வெளியேறியது. பிறகு அந்தக் காகிதப் பெட்டி நாற்றம். பிறகு ஒரு கணம், ஒரே ஒரு கணம், சட்டியிலிருந்து எதுவோ இனிப்பாக எழுந்தது. நான் "அத்தை!" என்றேன். அவர் அதற்குள் அடுப்பை அணைத்துவிட்டார். "இதுக்கு மேல விட்டா கருகிரும்." இலையை உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். சடக். நிறுத்துப் பார்த்தேன், 19 கிராம்.

இந்த முறை மூன்று நிமிடம்தான் ஊறவைத்தோம். பூ மணம் திரும்பவில்லை. பறந்துபோன லினலூல் சட்டியில் வறுத்தால் திரும்பி வந்துவிடாது. ஆனால் கோப்பையில் இப்போது ஒரு சூடு இருந்தது: வறுத்த அரிசி மாதிரி, அடையின் ஓரம் மாதிரி. குடித்தால் நாக்கில் சற்று நின்றது. அது குன்னூர் பனிக்காலத் தேநீர் இல்லை. எங்கள் அடுக்களையில், அத்தையின் கையில் உண்டான வேறொன்று.

அத்தை முழுக் கோப்பையையும் குடித்தார்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குன்னு சொல்ல மாட்டேன்." வாயைத் துடைத்துக்கொண்டார். "ஆனா எலைன்னு தெரியுது. தூளு மாதிரி இல்ல."

கொஞ்ச நேரம் கழித்து, "டின் பால் இருக்கா?" என்றார்.

இருந்தது. சர்க்கரை நோய்க்காரர் என்று நான் முறைத்ததை அவர் கண்டுகொள்ளவில்லை. இரண்டாவது கோப்பையில் ஒரு கரண்டி ஊற்றிக் கலக்கினார். நீலகிரித் தேயிலை பிரியர்கள் யாராவது இதைப் படித்தால் மன்னிக்கவும். முழு இலையில் டின் பால் ஊற்றுவது பட்டுப் புடவையை முட்டி வரை தூக்கிக் கட்டுகிற மாதிரி. ஆனால் அந்தக் கோப்பையைக் குடித்தபோதுதான் அத்தை முதல் தடவையாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

பாத்திரம் கழுவும்போது கேட்டார். "அன்னிக்கு நல்ல செவப்பா எறங்குச்சுன்னு சொன்னியே."

நான் குழாயை மூடினேன்.

"பனிக்காலத்து எல செவக்காதுன்னு அந்தக் கண்டிக்காரி எங்கிட்ட சொல்லியிருந்தா."

"அப்ப அன்னிக்கே தெரியுமா உங்களுக்கு? ஏன் கேக்கல?"

"கேட்டா என்ன ஆகும்? அன்னிக்கு ராத்திரியே பயந்துகிட்டுக் குடிச்சிருப்ப. போனுல எனக்கு வாசனையா வரப்போவுது?"

அந்த வாரம் முழுக்க அத்தை எனக்கு முன்பே எழுந்தார். காலை நிகழ்ச்சிக்கு நான் நாலு மணிக்குக் கிளம்ப வேண்டும். மூன்றரைக்கே அடுப்படியில் வெளிச்சம் தெரியும். அன்றன்றைக்கு வேண்டியதைச் சட்டியில் காட்டி எடுத்து, குடுவையில் ஊற்றி வைத்திருப்பார். நிலையத்தில் சக அறிவிப்பாளர்கள், ஒலிப் பொறியாளர், பாதுகாவலர் என்று எல்லாருக்கும் ஊற்றினேன். மருத்துவர் கண்ணில் புரை முற்றவில்லை, ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார். அத்தை கிளம்பிய அன்றைக்கு டின்னில் ஒரு கரண்டி இலை மிஞ்சியிருந்தது. அதைப் பேருந்து ஏறுவதற்கு முன் போட்டுக் குடித்து முடித்தோம்.

இப்போது அந்தப் பச்சை டின்னில் ஓமம் இருக்கிறது.